மூன்று மணிக்குள் உலக வரலாறு

நான்கு காரணங்களாம், நான்கே நான்கு, முதல் உலகப் போருக்கும் நான்கு, அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னால் மன்னனின் தலையை வாங்கிய புரட்சிக்கும் நான்கு, எங்கோ ஒரு பேரரசு பொலபொலவென்று உதிர்ந்து போனதற்கும் அதே நான்கு, ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை, போர்களெல்லாம் வாசலில் நின்று விரல்விட்டு எண்ணிப் பார்த்து, சரி, நான்கு சேர்ந்துவிட்டது, இனித் தொடங்கலாம் என்று கிளம்பினவோ என்னவோ… அவள் நீல அட்டைப் புத்தகத்தைப் பட்டென்று மூடினாள். வாசிப்பறையின் மறுகோடியில் இருந்த நூலகர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பார்க்கட்டுமே, பெரிய சத்தமா இது, ஒரு பெண்ணின் ஓராண்டு உடையப்போகிற சத்தத்துக்கு இது எந்த மூலைக்கு… சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்க இருபது நிமிடம். மேசைமேல் மூன்று புத்தகங்கள், நீலம், சிவப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் பச்சை. பக்கத்தில் கல்வி அலுவலகத்துப் படிவம், வீட்டிலிருந்தே படிக்கும் மாணவருக்கானது, ஆறு கட்டங்கள், ஐந்து நிரம்பிவிட்டன, கணக்கு, அறிவியல், இரண்டு மொழிகள், புவியியல், ஆறாவது மட்டும் பல் விழுந்த வாயைப்போல் இளித்துக்கொண்டிருந்தது: உலக வரலாறு, பயன்படுத்தும் பாடநூலின் பெயர். ஒரு கட்டம் காலியா இருந்தாலும் வாங்க மாட்டோம்மா, என்றான் நேற்று அந்தக் கவுன்டர் எழுத்தன், நாளைக்கு மூணு மணிக்கு மூடிடுவோம், அதுக்குள்ள குடுக்கலேன்னா இந்த வருஷம் பரீட்சை கிடையாது, இல்லேன்னா பழைய வகுப்புக்கே போய் உக்காரச் சொல்லுங்க. சொல்லிவிட்டு ஒரு கொட்டாவி. எல்லாரும் பச்சைப் புத்தகத்தைத்தான் எழுதறாங்க, நீங்களும் அதையே எழுதிட்டுப் போங்களேன், இதுல என்ன இருக்கு… இதில் என்ன இருக்கிறதா? உலகமே இருக்கிறதடா இதில், கற்காலத்திலிருந்து நேற்று வரைக்கும்!

பழைய வகுப்புக்கே போய் உட்காருவதாம். மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த வகுப்பிலிருந்துதானே பெண்ணை வெளியே நிறுத்தினார்கள், ஒரு பாடவேளை முழுவதும், நடைக்கூடத்தில், போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்கும்படி, பதினாறு வயதுப் பெண்ணை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு… என்ன குற்றம் செய்தாள்? பாடம் அச்சுக்கலையைப் பற்றியது. எழுத்துகளைத் தனித்தனியாகக் கோத்து அச்சிடும் முறை உலகில் முதன்முதலாக ஐரோப்பாவில், பதினைந்தாம் நூற்றாண்டில் தோன்றியது என்று பச்சைப் புத்தகம் சொன்னது, ஆசிரியை அதையே கரும்பலகையில் எழுதினாள், இவள் மகள் எழுந்தாள். டீச்சர், அதுக்கு நானூறு வருஷம் முன்னாடியே சீனாவுல களிமண் எழுத்து செஞ்சு அச்சடிச்சிருக்காங்க, கொரியாவுல உலோக எழுத்துகூட முன்னாடியே வந்துடுச்சு. அவ்வளவுதான். உண்மைதானே? கல்லில் செதுக்கி வைத்த உண்மை. புத்தகத்துல இருக்கா, என்றாளாம் ஆசிரியை. இல்ல டீச்சர். அப்ப உக்காரு. மகள் உட்காரவில்லை, எப்படி உட்காருவாள், வீட்டில் அப்பா அவளுக்கு வைத்த பெயரே வக்கீல், பால்பல் விழுவதற்கு முன்பே வாதாடத் தொடங்கியவள்… பிறகு என்னவெல்லாமோ நடந்திருக்கிறது, கடைசியில் நடைக்கூடம். மறுநாள் தலைமையாசிரியர் அறையில் இவள் இருபது நிமிடம் கத்தினாள், கேள்வி கேட்டதற்கா தண்டனை, கேள்வி கேட்கத்தானே பிள்ளைகளை இங்கே அனுப்புகிறோம், வாயை மூடி உட்காரத்தான் வேண்டுமென்றால் வீட்டிலே பூசணிக்காயை வைத்திருக்க மாட்டோமா என்று வாய்க்கு வந்தபடியெல்லாம். கத்திய கையோடு மாற்றுச் சான்றிதழையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். கணவனைக்கூடக் கேட்கவில்லை. மகளையும்… மகளையுந்தான் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது, தாய்க்குத் தெரியாததா?

சிவப்பைப் பிரித்தாள். இரண்டு கையாலும் தூக்கவேண்டிய புத்தகம், வழவழப்பான தாள், பக்கத்துக்கு நான்கு வண்ணப் படங்கள், ஓரத்தில் சின்னச் சின்னப் பெட்டிகளில் உபரிச் செய்திகள். ஐரோப்பிய மன்னர்களுக்கு நூற்று நாற்பது பக்கம், யார் யாரை மணந்தார், யாருடைய மாமன் யாருக்கு எதிராகப் படை திரட்டினான், எல்லாம் கல்யாண வீட்டுச் சம்பந்திச் சண்டை போல விலாவாரியாக. ஆப்பிரிக்கா முழுவதற்கும், கப்பல்கள் வந்து சேர்வதற்கு முன்னால் இருந்த ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கும் சேர்த்து, இரண்டே பக்கம், அதிலும் ஒரு பக்கத்தில் பாதி ஓர் ஒட்டகச்சிவிங்கி. வெட்கமாக இல்லையா இவர்களுக்கு? அந்த ஒட்டகச்சிவிங்கி வரலாற்றில் என்ன செய்தது, எந்தப் போரில் கலந்துகொண்டது? பக்கத்தைத் திருப்பினாள், படவிளக்கத்தின் கடைசியில் முற்றுப்புள்ளி இல்லை, கை தானாகவே கைப்பைக்குள் போயிற்று, பென்சில் வெளியே வந்தது, புள்ளி விழுந்தது, ஓரத்தில் ஒரு சிறு கோடும் விழுந்தது, இருபத்திரண்டு வருடமாக அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிற கைக்கு அச்சான புத்தகம் எது, அச்சாகாத தாள் எது என்ற பேதம் எங்கே தெரிகிறது… பென்சிலை உள்ள வைங்கம்மா, என்று தலைக்கு மேலே ஒரு குரல். நூலகர். எப்போது வந்து நின்றாரோ. நானும் பாத்துட்டே இருக்கேன், வந்ததுலருந்து அஞ்சு எடத்துல கோடு போட்டுட்டீங்க. தப்பு இருந்துச்சு சார், என்றாள். தப்பு இருந்தா இருக்கட்டும், அது நூலகத்தோட தப்பு, பத்திரமா வச்சிருக்கோம், என்று அவர் சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போனார். எதிர்மேசையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார், தாள் குலுங்கியது. சிரிக்கிறார். சிரிக்கட்டும். ஊரில் எல்லோரும் சிரிக்கலாம், தப்பைத் தப்பு என்றவள் மட்டும் வெளியே நிற்கவேண்டும்.

இருந்தாலும் சிவப்பை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியவில்லை. அச்சுக்கலை வரும் இடத்தைத் தேடினாள். இருந்தது. ஓரப் பெட்டி ஒன்றில், எறும்பு எழுத்தில், சீனத்துக் களிமண் எழுத்தும் கொரியாவின் உலோக எழுத்தும், ஆண்டுகளோடு, சரியாக. சரிதான். சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் பெட்டிக்குள், வாசல்வரை வந்த விருந்தாளியை உள்ளே கூப்பிடாமல் அங்கேயே ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்தது போல… போதாதா? போதும், இதையே எழுதிவிடலாம், எழுதிவிட்டுப் போகலாம், பேனாவின் மூடியைத் திறந்தாள், கைப்பேசி மேசையில் அதிர்ந்து நகர்ந்தது. கணவன். என்னம்மா, முடிஞ்சுதா? முடியலங்க. மூணு புத்தகம்தானே? உலக வரலாறுங்க, கத்தரிக்கா வாங்கறமா, என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். நான் எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவுல தொங்கிட்டுப் பேசறேன், உனக்கு ஒக்காந்த எடத்துல ஒரு புத்தகம் எடுக்க முடியல, என்று அவன் சிரித்தான், மின்தூக்கி பழுதுபார்க்கிறவனுக்கு எல்லாமே மேலும் கீழும்தான். எதுவா இருந்தா என்ன, கீழருந்து மேல போய்க் கதவு திறந்தாச் சரி. நடுவுல நின்னுடுச்சுன்னா? நின்னா என்ன, நம்ம வக்கீல் உள்ளருந்தே வாதாடி வெளிய வந்துடுவா. அம்மா, வாசிப்பறையில ஃபோன் கூடாது, என்றது மறுகோடி. வைத்துவிட்டாள். இந்த மனிதருக்குக் கோபமே வராதா? பெண்ணை நடைக்கூடத்தில் நிறுத்தினார்கள் என்று சொன்னபோதும், கால் வலிச்சுதாடா என்றுதான் கேட்டார். கோபப்படுவதை எல்லாம் இவளுக்கென்று ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்கள் இந்தக் குடும்பத்தில், சாம்பார்க் கரண்டி ஒருத்தி கையிலேயே இருப்பதைப் போல.

பேனா திறந்தபடி இருந்தது. எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? அடியில் கிடந்த பச்சை தன் ஓரத்தை மட்டும் காட்டிக்கொண்டு… அதை இவள் இன்னும் பிரிக்கவில்லை, காலையில் அலமாரியிலிருந்து மூன்றையும் எடுத்து வந்தவள் மகள்தான், அடுக்கை வாங்கியபோது இவள் கை பச்சையைத் தேடிப் பிடித்து அடியில் தள்ளிவிட்டது. மகள் அங்கே தொலைவில், அறிவியல் அலமாரிக்கும் பயண நூல்களுக்கும் நடுவே, தரையில் சம்மணமிட்டு எதையோ புரட்டிக்கொண்டிருக்கிறாள், பின்னல் தோளிலிருந்து நழுவிப் புத்தகத்தில் விழுகிறது, தள்ளிவிடுகிறாள், மறுபடி விழுகிறது. ஆறு வயதில் இதே பின்னல், இன்னும் குட்டையாக. அப்போது ஒருநாள் தூங்கவைக்க இவளே ஒரு கதை கட்டிச் சொன்னாள். காட்டுராஜா தன் கோட்டை வாசலுக்கு ஓர் ஆமையைக் காவல் வைத்தது, அவசரப்படாத பிராணி என்பதால். கட்டளை ஒன்றே ஒன்று: வருகிறவர் கொண்டுவரும் ஓலையில் முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார், இருந்தால் உள்ளே விடு. ஒருநாள் நரி வந்தது, எங்கோ திருடிய ஓலையோடு, இதைக் கொண்டுவருவது ஒரு கன்றுக்குட்டி என்று ஓலையில் எழுதியிருந்தது. ஆமை முத்திரையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தது, அளந்து பார்த்தது, சரியாக இருந்தது, கதவைத் திறந்துவிட்டது. விடிந்து பார்த்தால் கோட்டைக்குள் ஒரு கோழி இல்லை. ராஜா கர்ஜித்தது. ஆமை தலையை மெல்ல வெளியே நீட்டி, மகாராஜா, முத்திரை சரியாகத்தான் இருந்தது என்றது… தன் பிழைப்பைத் தானே கேலிசெய்துகொள்வதாக நினைத்து அன்று இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். குழந்தை சிரிக்கவில்லை. ஆமைக்குக் கண்ணு தெரியாதாம்மா? தெரியும்டா. அப்ப நரியோட வாலைப் பாத்துச்சா? தூங்கு, நேரமாச்சு.

சரி, பார்த்துவிடுவோமே, என்ன வந்துவிடும் என்று பச்சையை உருவினாள், மேலிருந்த இரண்டும் சரிந்தன. பக்க எண் நினைவிலேயே இருந்தது, இருநூற்றுப் பதினொன்று, இடப் பத்தி, மேலிருந்து மூன்றாவது பாரா. அதே வரி. நான்கு வருடத்துக்கு முன்னால் இதே வரி மெய்ப்புத் தாளில், ஈரம் போகாத மையின் வாசனையோடு, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. வேலை குவிந்துபோய்க் கட்டுக்கட்டாக வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்த கோடை அது. அந்த வரிக்கு வந்ததும் பென்சில் நின்றது. நிற்காமல் என்ன செய்யும், அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் தெரிந்துகொண்ட செய்தியாயிற்றே, மூலையில் போட்டிருந்த பழைய ஈய எழுத்து ஒன்றை மகளுக்கு விளையாடக் கொண்டுவந்து கொடுத்தபோது இவளே அவளுக்குச் சொன்ன கதையாயிற்றே. ஓரத்தில் எழுதினாள், சீனம்? கொரியா? சரிபார்க்கவும். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. மறுநாள் அச்சகத்தில் பதிப்பாசிரியர் அந்தப் பக்கத்தை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு இவள் மேசைக்கு வந்தார். நல்ல மனிதர், அதட்டவில்லை, அதட்டியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம், முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். இது என்னம்மா? ஒருதடவை சரிபாத்துடலாமேன்னு… நம்ம வேலை மூலத்தோட ஒத்துப்போகுதான்னு பாக்கறது. மூலத்துல இப்படித்தான் இருக்கா? இருக்கு சார். எழுத்துப் பிழை? இல்ல சார். அப்புறம்? உலகத்தோட ஒத்துப்போகுதான்னு பாக்கறதுக்கு ஒரு குழுவே இருக்கு, தலைவர் இருக்கார், அவர்கிட்ட இப்பப் போய்க் கேட்டா ஒரு வாரம் ஆகும், நாளைக்கு பிளேட் அச்சுக்குப் போகணும். சொல்லிவிட்டுத் தம் சட்டைப் பையிலிருந்து அழிப்பானை எடுத்து மேசைமேல் வைத்தார், வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் அழிக்கவில்லை. அழி என்றுகூடச் சொல்லவில்லை. இவள்தான்… இரண்டு தேய்ப்பு, ஊதிவிட்டால் தூள் பறந்துவிட்டது. இரண்டு லட்சம் படிகள் அடித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாள். இரண்டு லட்சம் பிள்ளைகள் அந்த வரியைப் படித்து, எழுதி, மதிப்பெண் வாங்கி… அந்த ஆசிரியையும் அதைத்தானே படித்தாள், புத்தகத்தில் இருப்பதைச் சொல்லிக்கொடுத்தாள், முத்திரை சரியாக இருந்தது… சீ, அவளுக்காக நான் ஏன் பரிந்து பேசவேண்டும்? ஒரு பெண்ணை வெளியே நிறுத்தியவள் அவள். கை அவளுடையது, நடைக்கூடம் அவளுடையது, அதற்கு நான் என்ன செய்ய முடியும்!

ம்மா, அதான் பாத்துட்டிருக்கியா, என்று மகள் எதிரே வந்து உட்கார்ந்தாள். இவள் பச்சையை மூடினாள், அவசரத்தில் விரல் உள்ளே மாட்டிக்கொண்டது. மணி ஒன்றரை. எது முடிவு பண்ணே? சிவப்புதான், என்றாள் இவள். மகள் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துத் தொப்பென்று போட்டாள், எனக்கு இது வேணாம். ஏன்? அதைப் பாத்தாலே பயமா இருக்கு, எல்லாம் சரியாத்தான் இருக்கும்போல இருக்கு. சரியா இருந்தா நல்லதுதானே? எனக்கு எப்படித் தெரியும்மா, சரியா இருக்கான்னு? பச்சைல எங்க தப்புன்னு எனக்குத் தெரியும், இதுல தெரியாது. அப்பன்னா நீலம். நீலமா, நாலு காரணம் நீலமா, என்று மகள் மூக்கைச் சுளித்தாள், இந்தப் பெண்ணும் எண்ணியிருக்கிறாள், அந்தக் கோபத்திலும் இவளுக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. மகள் சிரிக்கவில்லை. பச்சையே எழுதிடும்மா. எழுத முடியாது. பரீட்சைல கேக்கறது அதுலருந்துதான். தெரியும், முடியாது. ம்மா, கேளு, பரீட்சைக்கு என்ன எழுதணும்னு அதுல இருக்கு, எது நெஜம்னு நான் வேற எடத்துல படிச்சுக்கறேன், ரெண்டையும் தனித்தனியா வச்சுக்கறேன், ஒண்ணும் கொழப்பம் இல்ல. இவளுக்கு உச்சந்தலையில் யாரோ கொள்ளிக்கட்டையை வைத்தது போலிருந்தது. தனித்தனியா வச்சுக்கறதா, என்றாள், குரல் உயர்ந்துவிட்டது, செய்தித்தாள்காரர் தாளை இறக்கினார், தனித்தனியா வச்சுக்கவா உன்னை அங்கருந்து கூட்டிட்டு வந்தேன்? இந்தப் பையில ஒண்ணு, அந்தப் பையில ஒண்ணுன்னு வச்சுக்கிட்டுத் திரியறதுக்கா? வாழ்க்கை பூரா அப்படியே பழகிடும்டி, அப்புறம் எந்தப் பையில எது இருக்குன்னே… மகள் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எங்கம்மா கூட்டிட்டு வரச் சொன்னேன், என்றாள், சண்டைக்கு இழுக்கும் குரலில் அல்ல, மணி என்ன என்று கேட்பது போல. நீ வந்தே, கத்துனே, கையெழுத்துப் போட்டே, நான் வெளியே பெஞ்சுல உக்காந்திருந்தேன். அந்த வகுப்புல எனக்கு ரெண்டு சிநேகிதி இருந்தாங்க. நீயா ஒரு வார்த்தை கேட்டியா?

கேட்கவில்லை, கேட்கவில்லை, கேட்டிருக்கவேண்டும்… ஆனால் கேட்டிருந்தால் இந்தப் பெண் கூடவே வேறு ஏதாவது கேட்டிருப்பாள், அதற்குத்தானே… அதற்குத்தானா? அதற்காகத்தான் கத்தினேனா? மேசைமேல் பச்சை அட்டையில் இவள் கை வியர்த்த அடையாளம் ஐந்து விரலாகத் தெரிந்தது. சொல்லிவிடுவது என்று எப்போது முடிவுசெய்தாள் என்று தெரியவில்லை, வாய் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக்கு நான்தான் புரூஃப் பாத்தேன். மகள் பின்னலை எடுத்துப் பின்னால் போட்டாள். தெரியும். தெரியுமா? கடைசிப் பக்கத்துல அச்சகத்துப் பேரு இருக்கேம்மா, அதோட அந்த லீவுல நீ கட்டுக்கட்டா எடுத்துட்டு வந்தப்ப பக்க நம்பர் வரிசையா வருதான்னு நான்தானே எண்ணிக் குடுத்தேன், மறந்துட்டியா? மறந்துதான் போயிருந்தாள். பன்னிரண்டு வயதுப் பெண், மேசையின் அந்தப் பக்கம், உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டே… அன்னைக்கு வகுப்புல என்னாச்சு தெரியுமா, என்று மகள் மேசை விளிம்பை நகத்தால் கீறிக்கொண்டே சொன்னாள், டீச்சர் உக்காருன்னாங்க, நான் நின்னேன், சரி, இதெல்லாம் யாரு சொன்னா உனக்கு, வீட்ல யாரு அவ்வளவு பெரிய அறிவாளின்னு கேட்டாங்க. எங்கம்மா சொன்னாங்கன்னு சொல்லலாம். என்ன பண்றாங்க உங்கம்மான்னு கேப்பாங்க. அச்சகம்னு சொல்லணும். புத்தகத்தைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைப் பாத்தாங்கன்னா? அதான் வாயைத் தொறக்கல. மூணு தடவை கேட்டாங்க. பதில் சொல்லாட்டி வெளிய போய் நில்லுன்னாங்க, நின்னேன்.

கேள்வி கேட்டதற்காக அல்ல. இவளுக்கு அன்றைய தலைமையாசிரியர் அறை மறுபடி கண்முன் வந்தது, ஜன்னலை ஒட்டி நின்ற ஆசிரியை, சின்னப் பெண்தான் அவளும், முப்பதுகூட இருக்காது, கையில் சுண்ணக்கட்டித் தூள், ஏதோ சொல்ல இரண்டு முறை வாயெடுத்தாளே, கேள்வி கேட்டதுக்கு இல்லீங்க மேடம், நான் கேட்டதுக்கு அவ… இவள் விடவில்லை, மூன்று வாரமாக இந்தக் கோபத்தைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் சுமந்துகொண்டு, சோறூட்டி, தாலாட்டி, எல்லோருக்கும் காட்டி, பாருங்கள் என் கோபத்தை, எவ்வளவு நியாயமாக வளர்ந்திருக்கிறது என்று… இதை ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லல, என்றாள். அதிலும் கோபந்தான் கேட்டது, வேறு குரல் இவளிடம் இல்லை. நீ அவ்ளோ கோவமா இருந்தே, என்றாள் மகள், பிறகு மேசைக்கு மேலாகக் கையை நீட்டி இவள் மணிக்கட்டைத் தொட்டாள், விடும்மா, கண்ணு தப்பியிருக்கும், ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் பாக்கற நீ. ம், என்றாள் இவள். நூலகர் எழுந்து வந்து, சாப்பாட்டு நேரம்மா, ஒரு மணி நேரம் மூடணும், முடிவு பண்ணிட்டீங்களா என்றார். பண்ணிட்டோம் சார், என்று மகளே மூன்றையும் அடுக்கி அவரிடம் கொடுத்தாள், பச்சையைப் பிரித்து அதன் முழுப்பெயரையும் பதிப்பாண்டையும் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டபிறகு.

கல்வி அலுவலகம் இரண்டு தெரு தள்ளி, வெயில், நடைபாதையில் குழாய் பதிக்க வெட்டிப் போட்ட பள்ளம், மகள் முன்னால் தாண்டிக் கை நீட்டினாள், இவள் பிடிக்காமல் தானே தாண்டினாள், கால் சற்றுச் சறுக்கியது. கவுன்டரில் ஆறு பேர். இவர்கள் முறை வந்தபோது கடிகாரம் இரண்டே முக்கால். இவள் படிவத்தை மகளிடம் நீட்டினாள், நீயே எழுது, உன் புத்தகம். கம்பிக்குப் பின்னாலிருந்த அதே எழுத்தன் தலையை ஆட்டினான், மாணவர் எழுதக் கூடாதும்மா, பெற்றோர் கையெழுத்துலதான் இருக்கணும், இந்தப் பாடநூலை நான் பரிசீலித்துத் தெரிவு செய்தேன்னு கீழ ஒரு வரி இருக்கு பாருங்க, அதுக்கும் சேத்துத்தான் கையெழுத்து. அட்டைமேல் படிவத்தை வைத்து, மகளின் உள்ளங்கையைப் பார்த்து, எழுத்து எழுத்தாக எழுதினாள். மூலத்தில் உள்ளபடி. ஒரு பிழை இல்லை. கீழே கையொப்பம். பச்சைதானா, நான் நேத்தே சொன்னேன்ல, என்று எழுத்தன் முத்திரையைக் குத்தினான். நேற்றானால் அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பாள். இன்று கோபம் வந்தது, வந்து இவன்மேல் உட்காராமல், ஆசிரியையின்மேலும் உட்காராமல், பதிப்பாசிரியர்மேலும்கூட உட்காராமல், எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது.

படியிறங்கும்போதுதான் அது தோன்றியது. நான் புரூஃப் பார்த்தேன் என்றுதான் சொன்னேன். ஓரத்தில் எழுதியதைச் சொல்லவில்லை, அழித்ததைச் சொல்லவில்லை. கண்ணு தப்பியிருக்கும் என்று அவள் சொன்னாள், ம் என்றேன். கண் தப்பியவளுக்காக மூன்று முறை கேட்டும் வாய் திறக்காமல் நின்றவள், கண்ணால் பார்த்தும் அழித்தவளுக்காக நின்றிருப்பாளா? அல்லது… இவள் கால் படியில் நின்றுவிட்டது. பென்சிலால் எழுதியது வீட்டு மேசையில், இரவு. அழித்தது மறுநாள், அச்சகத்தில். நடுவே ஒரு காலை. அந்தக் காலையில்தானே இந்தப் பெண் தாள்கட்டை மடியில் வைத்து, ஒவ்வொரு தாளாகத் திருப்பி, பக்க எண் பார்த்தாள்? எண் அச்சாகியிருப்பது தாளின் மேல் ஓரத்தில். மூன்றாவது பாராவின் ஓரம் அதற்கு நாலு விரல் கீழே. பார்த்திருப்பாளா? பார்த்திருந்தால், பிறகு அச்சான புத்தகத்தில் அந்த வரி அப்படியே இருந்ததைக் கண்டபோது என்ன நினைத்திருப்பாள்? கேட்டால், அழித்ததைச் சொன்னதாகிவிடும். கேட்காவிட்டால், கண் தப்பியதாகவே இருந்துவிடும், இரண்டு பேருக்கும், எத்தனை வருடத்துக்கு வேண்டுமானாலும். என்னம்மா, என்றாள் மகள் கீழ்ப்படியிலிருந்து, வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு. அந்தக் கையின் நிழலில் முகம் தெரியவில்லை.